சிவனொளிபாதத்துக்குக் கம்பி போட்ட கதை

1980இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் கூடிய வாசகர்கள், எங்கள் மலையில் நடக்கிற ஒரு கதைக்கு ஹியூகோ விருது கொடுத்தார்கள். ஆர்தர் சி. கிளார்க் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட ‘தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ என்ற நாவல் அது. அதில் வருகிற ஸ்ரீகந்த மலை எங்கள் சிவனொளிபாத மலைதான். பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் செய்மதிகள் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரத்திலிருந்து மலையுச்சி வரைக்கும் இழை இறக்கி, ஆளும் சரக்கும் அதில் ஏறி இறங்க வழி செய்ய நினைக்கிறார் ஒரு பொறியியலாளர். அப்படிப்பட்ட இழைக்குப் பூமத்திய ரேகைதான் சரியான இடம் என்பதால் கிளார்க் இலங்கையையே 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளி வைத்தார். மலையின் உயரத்தையும் இரண்டு மடங்காக்கினார். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் மழை விட்டு மூட்டம் கலைகிற நேரமெல்லாம் நாங்கள் பார்க்கிற, 2,243 மீற்றர் உயரமான அதே மலையைத்தான்.

விருது கொடுத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் கூடிய உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டுக்கு முதலாளி கிடையாது, அரசாங்கமும் கிடையாது. வாசகர்கள் காசு கட்டி உறுப்பினராகிறார்கள். உறுப்பினர்களே வாக்களித்து விருதைத் தீர்மானிக்கிறார்கள். அடுத்து எந்த ஊரில் கூடுவதென்றும் அவர்களே வாக்களிக்கிறார்கள். கதிரை அடுக்குவது, வாசலில் பெயர் பதிவது, நிகழ்ச்சி நிரல் அச்சடிப்பது எல்லாமே சம்பளமில்லாத வேலை. மேடையேறிப் பேசுகிறவர்கள்கூடப் பொதுவாகக் கட்டணம் கட்டித்தான் உள்ளே வருகிறார்கள். 1939இல் நியூயோர்க்கில் ஏறத்தாழ இருநூறு பேரோடு தொடங்கியது இது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் 1945 வரை நின்று, பிறகு அறுபடாமல் நடந்துவருகிறது.

இதெல்லாம் எனக்குப் பின்னாளில் தெரிந்த விஷயம். 80களின் தொடக்கத்தில் நான் ஒரு தோட்டப் பாடசாலையில் இள ஆசிரியன். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த உறவுக்காரர், பழைய புத்தகக் குவியலிலிருந்து அட்டை கிழிந்த பிரதி ஒன்றை எடுத்துவந்து, “ஒங்க ஊரு மலை இதுல இருக்குதாம் மாஸ்டர்” என்று கையில் கொடுத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். படித்ததை இராத்திரியில் கோயில் திண்ணையில் உட்கார்ந்து கூட்டாளிகளுக்குச் சொன்னேன். தமிழில் விஞ்ஞானக் கதை என்றால் சுஜாதா. அவர் எழுதியது வந்த பழைய இந்தியச் சஞ்சிகைகள் எப்போதாவது ஹட்டனுக்கு வரும், கைமாறிக் கைமாறி எங்களிடம் சேரும்போது நடுப்பக்கம் இருக்காது. இந்தக் கதையோ எங்கள் வாசலில் நடக்கிறது. ஒருவரோடு ஒருவர் பேசித் தீராமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பாடசாலையில் எல்லாரையும் கூட்டி இதைப் பேசிவிடுவோம் என்று முடிவு செய்தோம். மாநாடு என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை.

ஆனால் ஆட்களுக்கு எப்படிச் சொல்வது? அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் ஒரு செய்தி போக இருந்த வழிகளை விரல்விட்டு எண்ணலாம். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளை சொல்வார். சாவு என்றால் தப்புச் சத்தம் சொல்லும். கோயில் திருவிழா என்றால் தலைவர் லயம் லயமாகப் போய்ச் சொல்வார். இந்த வழிகளில் எதிலும் புத்தகம் வந்ததில்லை. எங்களுக்கு முன்னே புத்தகத்தையும் பத்திரிகையையும் தோட்டத்துக்குள் கொண்டுவர முயன்றவர் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர். வெளியாள் தோட்டத்தில் கால் வைத்தாலே அத்துமீறல் என்றிருந்த 1920களில், புடவை வியாபாரியாக வேடம் போட்டு லயங்களுக்குள் நுழைந்தவர் அவர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாட்டெழுதி, அதைக் கூட்டங்களில் பாடி ஆள் சேர்த்தார். பாட்டு, காகிதத்தைவிட வேகமாகப் போகும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மலையகத்தில் ஒரு கூட்டத்துக்கு எப்படி ஆள் சேர்ப்பது என்று யாராவது பாடம் எழுதினால் அவரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

நாங்கள் ரோனியோவில் நோட்டீஸ் அடித்தோம். ஹட்டன் டவுனில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்த நண்பர், மாலை நேரத்தில் மெஷினைத் தொட அனுமதி வாங்கித் தந்தார். மெழுகுத் தாளில் எழுத்தாணியால் எழுத வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தாள் கிழிந்து ‘ழ’கரத்தின் வயிறு கறுப்புப் பொட்டாகிவிடும், அழுத்தாவிட்டால் எழுத்தே விழாது. நோட்டீஸின் மேல்பக்கத்தில் மலையை வரைந்து, அதன் உச்சியிலிருந்து தாளின் விளிம்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்திருந்தேன். கோதுமை மாவைக் கிண்டிப் பசை செய்து, பீலிக்கரைச் சுவரிலும் கூட்டுறவுக் கடைக் கதவிலும் ஒட்டினோம். இரண்டு நாள் மழையில் எல்லாம் கரைந்து போயிற்று.

ஆகவே கொழுந்து மடுவத்துக்குப் போனோம். மத்தியானக் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்பார்கள்; வேலைநாளில் அத்தனை பேர் ஒரே இடத்தில் நிற்பது அப்போதுதான். கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, நோட்டீஸை வாசிக்காமல் கதையைச் சொன்னேன். வானத்திலிருந்து பாதமலைக்கு ஒரு கம்பி இறங்குகிறது, அதில் பெட்டி போல ஒன்று ஏறிப் போகிறது, அதற்குள் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படித்தான் தொடங்கினேன்.

அவர்களுக்கு விளங்காது என்று கூட்டாளிகள் பயந்தார்கள். பயத்துக்கு அவசியமே இருக்கவில்லை. உயரத்து மலைகளிலிருந்து ஸ்டோருக்குக் கொழுந்து மூட்டையை இறக்குகிற கம்பியைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். கம்பியில் தொங்கிக்கொண்டு மூட்டை பள்ளத்தைத் தாண்டிப் போவதை என் மாணவர்கள் தினமும் பாடசாலைக்கு வருகிற வழியில் பார்ப்பார்கள். கிளார்க்கின் பொறியியலாளர் நாவலில் உலகத்துக்கே விளக்கிச் சொல்லிக் களைத்துப் போகிற விஷயத்தை, தலையில் படங்கு போர்த்தி நின்ற ஒரு பாட்டி ஒரு கேள்வியில் பிடித்துவிட்டார்.

“கம்பி சரி மாஸ்டர். மேல அதக் கட்டிவைக்கிற கட்டை எதுல நிக்கிது?”

செய்மதி சுற்றுகிற வேகத்தையும் இழையின் மேல்நுனியில் கட்டுகிற எதிர்ப்பாரத்தையும் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, “அப்ப கல்லக் கட்டிச் சுத்துற கயிறு மாதிரி. சரிதான்” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை பாடசாலைக்கு முதலில் வந்து உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர்.

வந்தவர்களில் பாதிப்பேருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் நாள் முழுக்கக் கேள்விகளை எழுப்பிக்கொண்டே இருந்தவர்களும் அந்தப் பாதியில்தான் அதிகம். மேலே போனவர்களுக்குத் தண்ணி எப்படி என்றார்கள். அங்கே சம்பளம் யார் போடுவார் என்றார்கள். கம்பி கட்டிய பிறகு பாதம் பார்க்கப் போகிற சனம் எந்தப் பாதையால் ஏறும் என்று ஒருவர் கேட்க, அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும் நல்லதண்ணிப் பாதையில் இரவிரவாக விளக்கெரியும். அந்த விளக்கு வரிசையையும் கம்பியையும் ஒரே மலையில் வைத்து யோசித்துப் பார்த்தவர்கள் அவர்கள். கிளார்க்கும் அதே இடத்தைத் தொட்டிருந்தார். நாவலில் மலையுச்சியிலுள்ள மடத்துப் பிக்குகள் இடத்தை விட மறுக்கிறார்கள். மலையுச்சிக்கு வண்ணத்துப்பூச்சிகள் வந்து சேருமானால் பிக்குகள் போக வேண்டும் என்று ஒரு பழைய வாக்கு. சிங்களத்தில் இம்மலைக்கு சமனல கந்த என்று பெயர். ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாக மலையை நோக்கிப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய நம்பிக்கை இங்கே காலங்காலமாக இருப்பது. அதைத்தான் அவர் கதையின் திருப்பத்துக்கு எடுத்துக்கொண்டார்.

இப்படிக் கூடுவதற்கு எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அந்த நாளில் எண்ணினேன். நன்றாக யோசித்தால், தோட்டத்துச் சனத்துக்கு அது பழகிய வேலை. காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி மாதம் காமன் ஊன்றுவது முதல் மன்மதன் எரிகிற இரவு வரைக்கும் ஒரு தோட்டம் முழுவதும் அதில் இறங்கும். காப்புக் கட்டி விரதமிருந்து ரதி மதன் வேடம் போடுகிறவர்களுக்குச் சம்பளமில்லை. எமனும் வீரபத்திரனும் பகலில் கவ்வாத்து வெட்டிவிட்டு இரவில் ஆட வருகிறவர்கள். தப்புக்காரர், வாத்தியார், விளக்குப் பிடிக்கிறவர், தேயிலைத் தண்ணி ஊற்றுகிறவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு. செலவுக்கு வீட்டுக்கு வீடு வரி. நெற்றிக்கண்ணால் ஒருவன் எரிந்து, பிறகு மனைவியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறவனாகத் திரும்பி வருகிற கதையை இரவிரவாக உட்கார்ந்து பார்க்கிற சனத்துக்கு, விண்வெளிக் கதையைக் கேட்கப் புதிதாக ஒரு மனம் தேவையில்லை. பொஸ்டன்காரர்கள் மாநாடு நடத்துகிற முறையைப் பின்னாளில் வாசித்தபோது, வரி எடுப்பதிலிருந்து வேடம் கட்டுவது வரை எல்லாமே தெரிந்ததாக இருந்தது.

கிளார்க்கே இப்படியான கூட்டத்திலிருந்து வந்தவர் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். 1937 ஜனவரி 3ஆம் திகதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் விஞ்ஞானக் கதை வாசகர்கள் ஏறத்தாழ இருபது பேர் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். இத்துறையில் நடந்த முதல் மாநாடுகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அந்த இருபதில் ஒருவர் 19 வயதுக் கிளார்க். 1956இல் நியூயோர்க் மாநாட்டுக்கு அவர் பிரதம விருந்தினர். அதே ஆண்டுதான் இலங்கைக்கு வந்து குடியேறினார். 2008 மார்ச்சில் கொழும்பில் காலமாகும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவர் கொழும்பில் இருந்த அந்த ஆண்டுகளில் எங்கள் நோட்டீஸ் ஒன்று அவர் கைக்குப் போயிருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் உண்டு. மெழுகுத் தாளில் நான் வரைந்த மலை மோசமில்லை.

எங்கள் கூட்டம் தொடரவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இளைஞர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் நின்றாலே கேள்வி வந்தது. பாடசாலையைக் கூட்டத்துக்குக் கொடுக்க எவரும் துணியவில்லை. அதற்கு முன்பே ஆட்கள் கரைந்துகொண்டிருந்தார்கள். 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கியிருந்தது. அந்த எண்ணுக்குள் என் கூட்டாளிகளும் இருந்தார்கள். கதை நாளுக்கு மைக்செட் தூக்கி வந்தவன், மறு வருஷம் தகரப் பெட்டியோடு தலைமன்னாரில் கப்பலேறினான். நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. தேயிலையிலிருந்து தேயிலைக்கு. 1984இல் கப்பலும் நின்றது. அவன் போகும்போது அந்த நாவலை அவனிடம் கொடுத்தனுப்பினேன்.

இத்தனை காலம் கழித்து மறுபடி இதைத் தொடங்கியது நானல்ல. என் பழைய மாணவியின் மகள், பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் படித்து ஆசிரியையானவள், ஒரு நாள் வீட்டுக்கு வந்து, “சேர், நீங்க முந்தி ஒரு கத நாள் வச்சீங்களாமே, அம்மா சொன்னாங்க. நாங்க திரும்ப வைக்கப் போறோம்” என்றாள். அவளோடு வந்திருந்தவர்களில் ஒருவன் கொழும்பில் சாப்பாட்டுக்கடையில் கணக்கெழுதுகிறான். ஒருத்தி ஆடைத் தொழிற்சாலையில் வேலை. ஒருவன் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். 2024இல் கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகர தன் ‘த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’ நாவலுக்கு நெபியூலா விருது வாங்கிய செய்தி அவர்களை உசுப்பியிருந்தது. கிளார்க்கின் அந்த நாவலுக்கும் ஹியூகோவோடு நெபியூலா கிடைத்தது என்று நான் சொன்னதும், “அப்ப ரெண்டு பேருக்கும் நடுவுல நாமதான் இல்ல” என்றான் ஆட்டோக்காரத் தம்பி. நடுவில் என்று அவன் சொன்னது கொழும்புக்கும் பாதமலைக்கும் நடுவில்.

விளம்பரம் செய்வது இப்போது எவ்வளவு எளிது என்று எண்ணினேன். மெழுகுத் தாள் இல்லை, பசை இல்லை. போனிலேயே ஒரு பிள்ளை அரை மணி நேரத்தில் போஸ்டர் செய்தாள்: மலை, கம்பி, கீழே தேயிலை, எல்லாம் நிறத்தில். அன்றிரவே அது சென்னை, டுபாய், டொரொன்டோ என்று போய்விட்டது. எங்கெங்கோ இருந்து வாழ்த்து வந்தது. பக்கத்து டிவிஷனிலிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை.

பிள்ளைகள் சோர்ந்து போகவில்லை, காரணத்தைத் தேடினார்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் இப்போது ஓய்வு நாளல்ல. கொழுந்து அதிகமான காலத்தில் கைக்காசுக்குப் போவார்கள். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தபோதும் கடைச்சாமான் விலை அதைவிட வேகமாக ஓடியது. மாணவர்களுக்கு ஞாயிறு முழுவதும் டியூஷன். கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வீட்டிலிருப்பார்கள். போஸ்டர் எல்லாருடைய போனிலும் இருந்தது, நேரம் யாரிடமும் இல்லை. முன்பு செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க நடந்தோம். இப்போது செய்தி தானாகப் போகிறது; ஆள் வந்துபோகிற வழியைத்தான் நாம் செய்துகொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே திகதியைப் பொங்கல் விடுமுறைக்கு மாற்றினார்கள். டியூஷன் மாஸ்டர்களிடம் நேரில் போய்ப் பேசி ஒரு வகுப்பை வேறு நாளுக்குத் தள்ளவைத்தார்கள். போஸ்டரை விட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்கள். வாசிக்கச் சிரமப்படும் பாட்டியும் பேரனின் போனைக் காதில் வைத்துக் கேட்பாள். மீனாட்சியம்மை செய்ததும் இதுதானே. பிறகு கொழுந்து மடுவத்துக்கும் போனார்கள். தராசில் இப்போது சிவப்பு இலக்கம் மின்னுகிறது, வரிசை அப்படியேதான் நிற்கிறது. என்னையும் கூட்டிப்போனார்கள். கம்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கம்பிப் பாதை நின்று, லொறியிலும் டிராக்டரிலும் கொழுந்து போகிற காலத்தில் வளர்ந்தவர்கள் இவர்கள். ஒரு தாய் கேட்ட கேள்வி வேறு:

“பொம்பளப் புள்ளைங்க எத்தன மணிக்கு வீட்டுக்கு வந்து சேரும்? யாரு கொண்டாந்து விடுவாங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்தப் போஸ்டரும் வேலை செய்யாது என்று ஆசிரியைப் பிள்ளைக்கு உடனே விளங்கியது. நிகழ்ச்சி நிரலைக் கிழித்துப் போட்டு, கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு மறுபடி எழுதினாள். மாலையில் வைத்திருந்த பேச்சாளர்களைக் குறைத்தாள். நான் பேச இருந்ததையும் குறைத்தாள், சரியான முடிவு. எந்தெந்த டிவிஷனுக்கு எந்த ஆட்டோ, அதில் கூடப் போகிற அக்கா யார் என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளைப் போட்டோ எடுத்துத் தாய்மாரின் போனுக்கு அனுப்பினாள். எங்கள் விளம்பரங்களில் அதிகம் வேலை செய்தது அந்தத் தாள்தான்.

காசு விஷயத்தில் ஒரு நாள் கடும் விவாதம். நிறுவனமொன்று முழுச் செலவையும் ஏற்பதாகச் சொன்னது. மண்டபம் முழுவதும் தங்கள் பெயர் தொங்க வேண்டும், பிள்ளைகள் தங்கள் சட்டை போட்டுப் படத்துக்கு நிற்க வேண்டும் என்றது. மத்தியானச் சாப்பாட்டுக்கே காசில்லாத நிலையில் அதை மறுப்பது லேசான காரியமில்லை. கடைசியில், உழைக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு பேர் காசு, அதாவது ஒரு நாள் சம்பளம், போடுவது, மாணவர்களுக்கும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் இலவசம் என்று முடிவானது. திருவிழா வரி கொடுத்துப் பழகிய இடம் என்பதால் அந்த ஏற்பாடு எவருக்கும் புதிதாகப் படவில்லை. ஊரார் காசில் நடக்கிற கூட்டத்தில் யார் பேசுவதென்று ஊராரே முடிவு செய்யலாம். இதில் நான் அந்தப் பிள்ளைகளின் பக்கம்தான். சோற்றுப் பார்சலில் முட்டை இல்லாமல் போனாலும்.

அன்றைக்கு மண்டபம் நிறைந்தது. காலையில் கிளார்க்கின் கதையைப் பிள்ளைகள் தாங்களே நடித்துச் சொன்னார்கள். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வருகிற இயந்திர நாய் ஜீனோவைப் பற்றி ஒரு பையன் பேசினான், தோட்டத்து நாய்களைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் ஜீனோவுக்கு வந்தான். மத்தியானம் திரையில் நீலகிரியிலிருந்து என் கூட்டாளி தோன்றினான். முடி முழுவதும் நரைத்திருந்தது. கையில் அட்டையில்லாத அந்த நாவலைத் தூக்கிக் காட்டினான். தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகள் அந்தப் பக்கம் அவன் வீட்டில் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சிக்னல் அறுந்து அறுந்து வந்தது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் போனை ஜன்னலருகே பிடித்துக்கொண்டு நின்றார்கள். கப்பல் நின்றபோது முடிந்துவிட்டது என்று நான் எண்ணிய பேச்சு, அவர்களுக்கு அன்றைய நிகழ்ச்சியில் இரண்டாவது அங்கம்.

நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அதற்குப் பிறகு வாசிக்கப்பட்ட ஒரு கதை. பத்தாம் ஆண்டில் படிக்கிற பிள்ளை, கொப்பியில் பென்சிலால் எழுதியிருந்தாள். மஸ்கெலியாவின் பழைய டவுன் 1960களின் கடைசியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போனது. வரட்சி வந்து நீர் இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இன்றும் தலைகாட்டும். அவள் கதை அங்கே தொடங்குகிறது. வானத்துக் கம்பி கட்ட முடிவாகிறது. கம்பியின் அடிநிலையத்துக்கு இடம் வேண்டும். தோட்டத்து லயங்கள் இருக்கிற சரிவைத் தேர்கிறார்கள். ஒருமுறை தண்ணீருக்காக எழும்பிய சனத்தின் பேரப்பிள்ளைகள், இந்தமுறை வானத்துக்காக எழும்ப வேண்டும். கதைத்தலைவி அந்த அடிநிலையத்தில் பேர் போடுகிற கணக்கப்பிள்ளை. கம்பியில் மேலே போகிற ஒவ்வொருவருடைய பெயரையும் பதிகிறாள், எழும்பிப் போன லயத்து ஆட்களின் பெயர்களையும் அதே புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிவைக்கிறாள். “மொத்தம் எத்தன பேருக்கு வீடு கெடைக்குது?” என்று முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார். “அது இன்னும் எழுதலீங்க அம்மா” என்றாள் பிள்ளை.

கிளார்க்கின் நாவலில் மலையை விட்டுப் போகிறவர்கள் பிக்குகள். அரசனும் பிக்குவும் பொறியியலாளரும் அதில் பெரிய மனிதர்கள். அதை உலகத்துக்குக் கொடுத்தவர் மேல் எனக்கு மரியாதை குறையவே இல்லை. ஆனால் மலைச்சரிவில் யார் குடியிருக்கிறார்கள், கம்பி வந்தால் அவர்கள் எங்கே போவார்கள் என்பது சரிவில் குடியிருக்கிற பிள்ளை எழுதினால்தான் கதைக்குள் வரும். ரோனியோ காலத்தில் எங்களுக்குக் கேட்கத் தெரிந்தது, சொல்லத் தெரிந்தது. எழுதும் துணிச்சல் வரவில்லை. சி.வி. வேலுப்பிள்ளையும் என்.எஸ்.எம். இராமையாவும் தெளிவத்தை ஜோசப்பும் எங்கள் இன்றையும் நேற்றையும் எழுதித் தந்திருந்தார்கள். வருங்காலம் மட்டும் வேறு யாரோ எழுதுகிற விஷயமாக இருந்தது. இப்போது அது பத்தாம் ஆண்டுக் கொப்பியில், பென்சிலில் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தை எங்கே வைப்பதென்று இரண்டு கட்சி. ஹட்டன் என்றால் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் பக்கத்தில், கொழும்புப் பிள்ளைகளுக்கு வசதி. மஸ்கெலியா என்றால் மலை பக்கத்தில், லயத்து ஆட்களுக்கு வசதி. ஆசியாவில் உலக மாநாடு 2007இல் யோகோஹாமாவுக்கும் 2023இல் செங்டுவுக்கும் போனது, அந்தந்த ஊர் வாசகர்கள் கேட்டு வாங்கியதால்தான் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, நாமும் வாக்கெடுப்பு வைப்போம் என்றார்கள். மஸ்கெலியா வென்றது. சீசன் தொடங்கிவிட்டால் பஸ்ஸும் தங்குமிடமும் யாத்திரைக்காரர்களுக்கே காணாது. ஆகவே டிசம்பர்ப் பௌர்ணமிக்கு முன் ஒரு நாளைப் பார்க்கிறோம். ஆட்டோத் தாள் இந்தமுறை முதலிலேயே தயாராகும். கதை எழுதியிருக்கிறவர்கள் கொப்பியை அப்படியே கொண்டுவாருங்கள். பென்சிலில் இருந்தாலும் பரவாயில்லை, தட்டச்சு செய்து கொடுக்க ஆளிருக்கிறது. எழுத வராதவர்கள் சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளவும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.